அகீலாவுக்காக விட்ட இடைவெளி

‘பொபின் நூல்’ தொடரின் ஐந்தாம் பாகம் வந்துவிட்டதை ஆர்த்திகா பஸ்ஸுக்குள் இருந்தபடியே கண்டாள். நகரத்துப் புத்தகக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால், பரீட்சை வழிகாட்டிகளுக்கும் கலண்டர்களுக்கும் நடுவில், அந்தப் பழக்கமான நீல அட்டை நின்றது. வகுப்புக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்துபோய் வாங்கினாள். வாங்கியதைப் பைக்குள் வைத்தாள். வைத்தது வைத்தபடி ஒரு கிழமை கிடந்தது.

வாசிக்க ஆசையில்லாமல் இல்லை. அதை அவள் தனியே வாசிக்கக் கூடாது. அகீலாவும் அவளும் பேசி வைத்தது அது.

பெரியகல்லாற்றில், ஆர்த்திகாவின் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் வருசத்துக்கு ஒருமுறை புராணப் படிப்பு நடக்கும். அவளுடைய அப்பா வினாயகமூர்த்தி ஒரு பாட்டை இராகத்தோடு வாசித்து நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் அந்தப் பாட்டுக்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். சொல்லி முடியும்வரை அப்பா அடுத்த பாட்டுக்குப் போகமாட்டார். பயன் சொல்பவருக்கு இருமல் வந்தாலும் காத்திருப்பார். இதை ஒருநாள் மாலை வகுப்பில் பக்கத்துக் கதிரைக்காரியிடம் ஆர்த்திகா சும்மா சொல்லப்போக, அந்தக் கதிரைக்காரி, காத்தான்குடி அகீலா, உடனே பிடித்துக்கொண்டாள்.

“அப்ப இந்தக் கதப் புத்தகத்தயும் அப்பிடியே வாசிப்பம். நீ வாசி. நான் பயன் சொல்றன்.”

“பயன் சொல்றதெண்டா சும்மாவா? அதுக்குப் படிச்சிருக்க வேணும்.”

“எனக்கு வாய் இரிக்கி. காணாதா?”

அப்படித்தான் தொடங்கியது. ஆங்கில வகுப்பு தொடங்குவதற்கு முன் அரை மணித்தியாலம் இருக்கும். வகுப்புக் கட்டடத்தின் பின்பக்க விறாந்தை வாவியைப் பார்த்தபடி இருந்தது. அங்கே இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டு, ஆர்த்திகா ஒரு பக்கம் வாசித்து நிறுத்துவாள். அகீலா பயன் சொல்வாள். பெரும்பாலும் அது பயனாக இருக்காது. கதைக்குள் இருப்பவர்களைப் பற்றிய வம்பாக இருக்கும். சிலவேளை சிரிப்பு மூட்டும். சிலவேளை ஆர்த்திகா வாசித்துக்கொண்டே கவனிக்காமல் விட்ட ஒன்றை அவள் பட்டென்று சொல்லிவிடுவாள். நாலு பாகங்களும் அப்படித்தான் முடிந்தன.

கதை ஒன்றும் பெரிய ஆரவாரக் கதை அல்ல. பெயர் சொல்லப்படாத ஓர் ஊரில் நாகரெத்தினம் என்றொரு தையற்காரர். பழைய உடுப்புகளைத் திருத்தக் கொண்டுவருவார்கள். திரைக்குப் பின்னால் போய் அந்த உடுப்பை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வார். போட்டவர் அந்த உடுப்பைக் கடைசியாக உடுத்திருந்த நாளுக்குப் போய்விடுவார். வெளியே நாகரெத்தினம் மெசின் மிதித்துக்கொண்டிருக்கும்வரை, பொபினில் நூல் இருக்கும்வரை, அங்கே நிற்கலாம். நூல் முடிந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். போன இடத்தில் எதையும் மாற்ற முடியாது. இறந்துபோன தம்பி சைக்கிள் செயின் மாட்டுவதைப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, “கைப்பக்கம் கொஞ்சம் இளக்கி விடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் கதை. அதற்காகவே ஆர்த்திகாவுக்குப் பிடித்தது.

முதல் பாகத்திலிருந்து கடையின் மேல்தட்டில் நாகரெத்தினத்தின் சொந்தச் சேட்டு ஒன்று மடித்தபடி இருந்தது. அவர் ஒருநாள் அதைப் போடுவார் என்பது அகீலாவின் கட்சி.

“எப்பிடிப் போடுவார்?” என்று ஆர்த்திகா கேட்பாள். “அவர் உள்ளுக்குப் போனா மெசின ஆர் மிதிக்கிற?”

“ஆராச்சும் வருவாங்க.”

“அந்தக் கடையில வேற ஆள் இல்லையே.”

“ஒனக்கு எல்லாத்துக்கும் முறை வேணும் புள்ள. பாரேன், வருவாங்க.”

நாலாம் பாகம் முடிந்த சில மாதங்களில் அகீலாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை. போவதற்கு முந்தின கிழமை வகுப்புக்கு வந்து எல்லோருக்கும் தொதல் இனிப்புக் கொடுத்தாள். ஆர்த்திகாவின் கையைப் பிடித்து, “அஞ்சாவது வந்து, என்ன விட்டுட்டு வாசிச்சியோ, வந்து காதத் திருகுவன்” என்றாள். போன புதிதில் ஃபேஸ்புக்கில் பனியில் நிற்கும் படங்கள் வந்தன. பிறகு பெருநாளுக்கு ஒரு வாழ்த்து. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

ஆர்த்திகா பகலில் ஒரு பாமசியில் வேலை செய்தாள். மருந்துப் பெட்டிகளைத் திகதி வாரியாக அடுக்குகிறவள் தன் யோசனைகளையும் அப்படியே அடுக்கப் பழகியிருந்தாள். அகீலாவுக்குப் புத்தகம் கிடைத்திருக்காது. தபாலில் அனுப்பலாம், விலாசம் தெரியாது. விலாசம் கேட்டால் தொந்தரவு செய்வதுபோல இருக்குமோ? வாசித்து அனுப்பலாம். அதுதான் சரி. பழைய முறைப்படியே ஒவ்வொரு பக்கமாக வாசித்து வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பலாம். அவள் ஆறுதலாகக் கேட்டுவிட்டுப் பயன் சொல்லட்டும். அகீலாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பழைய ரோசாப்பூப் படம் இன்னும் இருந்தது.

கல்லடியில் புஸ்பம் மாமி வீட்டின் பக்க அறையில்தான் ஆர்த்திகா தங்கியிருந்தாள். ஃபேன் சத்தம் பதிவில் விழுந்தது. ஃபேனை நிறுத்தினாள். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று விழுந்தது. அதையும் சாத்தினாள். வியர்வை வழிய முதல் பக்கத்தை வாசித்தாள். ஓர் இடத்தில் தடுமாறியது. அழித்துவிட்டுத் திரும்ப வாசித்தாள். பக்கம் முடிந்ததும், பழக்கத்தில், வாசிப்பை நிறுத்திப் பேசாமல் இருந்தாள். அகீலா பயன் சொல்ல எடுக்கும் நேரம் அளவுக்கு இருந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். பிறகு கேட்டுப் பார்த்தபோது அந்த வெற்றிடம் விசர்த்தனமாகத்தான் பட்டது. அழிக்கலாமா என்று யோசித்தாள். அழிக்காமல் அனுப்பினாள்.

இரண்டு சரி அடையாளங்கள் விழுந்தன. மறுநாள் பின்னேரம் அவை நீலமாகின. பதில் இல்லை.

இலங்கையில் பின்னேரம் என்றால் அங்கே விடியப்புறம். அந்த நேரத்தில் அகீலா ஏன் முழித்திருக்கிறாள்? சுபஹுத் தொழுகைக்கு எழும்பியிருப்பாள் என்று ஆர்த்திகா தீர்மானித்தாள். தொழுதுவிட்டு, வேலைக்குப் போகுமுன், தேத்தண்ணி குடித்தபடி கேட்கிறாள். பதில் போட எங்கே நேரம்? பொருந்தி வந்தது. அடுத்த நாளும் அனுப்பினாள். அதற்கடுத்த நாளும்.

“ஆரோட புள்ள கதைக்கிறாய், கதவையும் பூட்டிப்போட்டு?” என்று புஸ்பம் மாமி ஒரு நாள் வழிமறித்தாள்.

“கதைக்கல்ல மாமி. வாசிக்கிறன்.”

“நாகரெத்தினம், நாகரெத்தினம் எண்டு கேட்டிச்சே. எந்த ஊர்ப் பொடியன்?”

“அவர் புத்தகத்தில வாறவர் மாமி. தையற்காரர்.”

“தையற்காரனோ?” மாமி கொஞ்சம் யோசித்தாள். “பேரப் பாத்தா வயசு போன ஆள்போல இருக்கே. கொப்பர் சம்மதிப்பாரா?”

ஆர்த்திகா சிரித்தாள். அறைக்குள் போனதும், இதை அகீலாவுக்குச் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்தாள். அன்றைய பதிவின் முடிவில் அதைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில், இது தேவையா என்று தோன்றியது. அழித்துவிட்டுக் கதையை மட்டும் அனுப்பினாள்.

நீலம் விழுந்துகொண்டே இருந்தது. பதில் வரவில்லை. குரல் பிடிக்கவில்லையோ? இப்படி நாள்தோறும் அனுப்புவது பாரமோ? நிறுத்தச் சொல்ல அகீலாவுக்குக் கூச்சமோ? ஆனால் கேட்காமல் விடவில்லையே. ஒரு பதிவுகூட நீலமாகாமல் கிடந்ததில்லை. கேட்கிறவளுக்கு வாசிப்பதை நிறுத்துவது எப்படி? வகுப்புக்குப் போகும் நாட்களில் பின்பக்க விறாந்தையில் தனியே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அன்று வாசிக்க வேண்டிய பக்கங்களை மெல்லப் பழகினாள். மற்றக் கதிரையில் பையை வைத்தாள்; வகுப்பில் கூடப் படிக்கும் ஷிஹான் வந்து, “இதில ஆரும் இருக்கிறாங்களா?” என்று கேட்டபோது “ஓம்” என்று சொல்லிவிட்டுப் பிறகு வெட்கப்பட்டாள்.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம் இருந்தபோது பதில் வந்தது. பாமசியில் மதியச் சாப்பாட்டுப் பார்சலை விரித்து வைத்திருந்தாள். ரோசாப்பூவுக்குப் பக்கத்தில் குரல் பதிவு ஒன்று. கையைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

“மகள், நான் அகீலாட உம்மா கதைக்கிறன். றம்லா உம்மா. இந்த நம்பர் இப்ப எனக்கிட்டதான் இரிக்கி. அவ போகக்குள்ள இந்தப் போனையும் சிம்மையும் எனக்குத் தந்திட்டுப் போயிட்டா. எனக்கு இதில எழுதத் தெரியா. இத அமத்திக்கிட்டுக் கதைக்கிற எண்டு பக்கத்து ஊட்டுப் புள்ள இண்டைக்கித்தான் காட்டித் தந்த. நீ வாசிக்கிறதெல்லாம் நான் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கன் மகள். பகல் ளுஹர் தொழுது, சோறும் திண்டிட்டுப் படுக்கக்குள்ள கேக்கிற. நல்ல வாசிப்பு. அகீலா கோல் எடுத்த நேரம் சொன்னன், ஆர்த்திகாப் புள்ள கதை வாசிச்சு அனுப்புறா எண்டு. அந்தப் புத்தகம் நான் முடிச்சிட்டன் உம்மா எண்டு சிரிக்கிறா. எங்கட சொந்தக்காரப் பொடியன் இஷாம் அங்க போகக்குள்ள வாங்கிக்கிட்டுப் போய்க் குடுத்த. ஒனக்கு மெசேஜ் போடுறன் எண்டா. போட்டாதானே? சரி மகள், வெக்கிறன். இத எப்பிடி நிப்பாட்டுற...”

அதன் பிறகும் கொஞ்ச நேரம் ஒரு கோழி கத்துவது கேட்டது.

வெளிநாடு போகிறவர் சிம்மை வீட்டில் விட்டுவிட்டுப் போவது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பது. அவளுடைய அண்ணன் கத்தாருக்குப் போனபோதும் அவனுடைய நம்பர் அம்மாவிடம்தான் வந்தது. அது எப்படித் தன் மூளையில் ஓடாமல் போனது? ஓடியிருக்கும். சுபஹு, தேத்தண்ணி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதை மறைத்து வைத்திருக்கிறாள். சோறு ஆறியது. அவள் றம்லா உம்மாவுக்கு, “ஓம் உம்மா, மெசேஜ் போட்டவ” என்று குரலில் பதில் சொன்னாள். பொய்யைத் தடுமாறாமல் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாள், தெரியாத வெளிநாட்டு நம்பரில் இருந்து எழுத்து வந்தது.

“டீ, சொறி டீ. உம்மா முந்தியே ஏசினா. வேலை, வீடு எண்டு தலைகீழா நிக்கிறன். புத்தகம் வாசிச்சிட்டன், கோவிக்காத. பஸ்ஸிலயே முடிஞ்சிது. நீ எங்க நிக்கிறாய்?”

“கடைசி அத்தியாயம்” என்று ஆர்த்திகா எழுதினாள்.

“ஐயோ, அப்ப இன்னும் தெரியாதா! சொல்லவா?”

“வேணாம்.”

“சரி சரி. மெசின் மிதிக்க வாற ஆளப் பார். விழுந்து விழுந்து சிரிப்பாய்.” கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக. பிறகு, “வேலைக்கு நேரமாச்சு டீ, பிறகு வாறன்.”

ஆர்த்திகா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபிக்க அதில் ஒன்றும் இல்லை. அன்பாகத்தான் எழுதியிருந்தாள். பஸ்ஸில் வாசிப்பதில் என்ன பிழை? புத்தகம் கையில் இருந்தால் யாரும் வாசிப்பார்கள். ஒரு பகிடிக்குச் சொன்ன சொல்லை இவ்வளவு நாளும் தூக்கிக்கொண்டு திரிந்தது யார்?

அன்றைக்கு வகுப்பு முடிந்து வந்து கடைசி அத்தியாயத்தை வாய் திறக்காமல் வாசித்தாள். கெதியாக முடிந்துவிட்டது. நாகரெத்தினம் மேல்தட்டில் இருந்த சேட்டை எடுக்கிறார். பொத்தான் தைக்க வந்த ஒரு சிறு பெண்ணிடம் மெசினைக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போகிறார். அவளுக்கு மிதிக்கத் தெரியாது. காலை வைத்ததும் சில்லு மறுபக்கம் சுற்றுகிறது. நூல் சிக்கி அறுகிறது. அவ்வளவு நேரம்தான் அவருக்குக் கிடைத்தது. வெளியே வருகிறார். அந்தப் பெண் அழப் பார்க்கிறாள். “காணும் மகள், இது போதும்” என்று அவளிடம் சொல்லிவிட்டுச் சேட்டைக் கழற்றி மடித்து வைக்கிறார். உள்ளே என்ன கண்டார் என்று புத்தகத்தில் இல்லை.

சில்லு மறுபக்கம் சுற்றும் இடத்தில் அகீலா விழுந்து சிரித்திருப்பாள். ஆர்த்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கணத்தில் ஒருவர் எதைப் பார்த்திருக்க முடியும்? உண்மையாகவே காணுமா, பிள்ளையை அழவிடாமல் இருக்கச் சொன்னதா? இதை யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று அந்தப் புது நம்பருக்கு எழுதினாள். அனுப்பாமல் வைத்திருந்து, பிறகு அழித்தாள்.

றம்லா உம்மாவுக்குக் கடைசி அத்தியாயம் போக வேண்டும். தொடங்கியதை முடிக்காமல் விடுவது மரியாதை அல்ல. மறுநாள் வேலை விட்டு வந்து, கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை ஒரே மூச்சில் வாசித்தாள். எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்குக் காரணமும் இல்லை. அந்த இடங்கள் அகீலாவுக்காக விட்டவை; அகீலா அதைக் கேட்டதே இல்லை. அனுப்பிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் மற்ற நாலு பாகங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் ஒழுங்காக முடிந்தது.

அடுத்த நாள் பின்னேரம் பதில் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“கேட்டன் மகள். முடிஞ்சி போச்சு என்ன? நல்ல மனிசன் அந்த டெய்லர்.” பிறகு பாயை உதறி விரிக்கும் சத்தம். “நீ சுகமில்லாமலா இரிக்காய்? இல்ல, கெதியா வாசிச்சிட்டாய், அதான். மத்த நாளெல்லாம் ஒரு பக்கம் வாசிச்சு நிப்பாட்டுவாய்தானே. கொஞ்ச நேரம் ஒண்டும் கேக்காது. அகீலா பயன் சொல்ற இடம் அது எண்டு எனக்குத் தெரியும் மகள். ஊட்டுக்கு வந்தா அதத்தானே சொல்லிக்கிட்டுத் திரிவா, ஆர்த்திகா வாசிச்சா, நான் இப்பிடிச் சொன்னன், அப்பிடிச் சொன்னன் எண்டு. அந்த இடத்தில இவ என்ன சொல்லுவா எண்டு நான் யோசிப்பன். சிலநேரம் அவட சத்தத்திலயே கேக்கும். இது அவட ஊடுதானே, சீதனத்துக்குக் கட்டின. இப்ப நான் காவல். எல்லா அறையும் பூட்டித்தான் கிடக்கு, குசினிப் பக்கம் மட்டும்தான் பொழங்குற. சும்மா சொன்னன் மகள். ஒனக்கும் வேலை இரிக்கும். வெக்கிறன்.”

ஆர்த்திகா வாசலிலேயே நின்றாள். உள்ளே புஸ்பம் மாமி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. பூட்டிய அறைகளும், குசினியில் படுத்தபடி போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருத்தி அந்த வெற்றிடங்களைக் கேட்டுக்கொண்டிருந்ததும் அவள் மனதில் வந்தன. தான் விசர்த்தனம் என்று நினைத்ததை ஒருவர் இவ்வளவு நாளும் தேடி வந்து கேட்டிருக்கிறார். அகீலாவுக்கு அனுப்பிய ஒன்றும் அகீலாவுக்குப் போகவில்லை. ஆனால் போன இடத்தில் அகீலாவின் குரல்தான் கேட்டிருக்கிறது.

அது தனக்கு ஆறுதலா? தெரியவில்லை. அகீலா போய்விட்டாள் என்பதில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த பாகம் வந்தால் அவள் அதையும் பஸ்ஸில் வாசித்து முடிப்பாள். அதைத் தெரிந்துகொண்டும் அந்த இடங்களைத் திரும்ப விட முடியுமா என்று ஆர்த்திகாவுக்குச் சந்தேகமாக இருந்தது. பொய்யாக விட்டால் றம்லா உம்மாவுக்குத் தெரிந்துவிடாதா?

அறைக்குப் போய் நேற்று அனுப்பிய பதிவை அழித்தாள். புத்தகத்தை எடுத்தாள். ஃபேனை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தப் போனவள் அதை அப்படியே விட்டாள்.

“உம்மா, நேத்து பிழையா அனுப்பிட்டன்,” என்று போனிடம் சொன்னாள். “கடைசி அத்தியாயத்தத் திரும்ப முதல்ல இருந்து வாசிக்கிறன்.”

வாசிக்கத் தொடங்கினாள். நாகரெத்தினம் சேட்டை எடுக்கக் கையை உயர்த்தும் இடத்தோடு முதல் பக்கம் முடிந்தது. அங்கே நிறுத்தினாள். கல்லடிப் பாலத்துப் பக்கம் ஒரு லொறி போனது. கடற்கரையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், பதில் கேட்கவில்லை. அகீலா இந்த இடத்தில் என்ன சொல்வாள் என்று ஆர்த்திகா முதன்முறையாக யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.